தாளிக்காத தயிர்சாதம்

எங்கள் ஆபீஸில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதை முதலில் கண்டுபிடிப்பது மானேஜர் அல்ல. மத்தியானம் ஒரு மணிக்குத் திறக்கிற டிபன் பாக்ஸ்தான். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தால் பாக்ஸில் அவியல் இருக்கும். வீட்டில் சண்டை என்றால் ஓட்டல் பொட்டலம். மாதக் கடைசி என்றால் எல்லோர் பாக்ஸிலும் எலுமிச்சை சாதம், மானேஜர் உட்பட.

பக்கத்து ஸீட் தம்பியின் பாக்ஸில் பத்து நாளாகத் தயிர்சாதம். சரி, போகட்டும். ஆனால் அதில் கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, ஒரு மிளகாய்கூட இல்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா, தாளிக்கக்கூடவா நேரமில்லை?" என்று கேட்டேன்.

தம்பியின் காது சிவந்தது. "வீட்ல எண்ணெய் காயற வாசனையே ஆகல ஸார்" என்றான்.

சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு பேரும் ஒரே குரலில் "அடடே!" என்றோம். உடனே ஸ்வீட் கேட்டு ஒரு தீர்மானம் நிறைவேறியது. எத்தனை மாசம் என்றால், "ஒன்பது வாரம் ஸார்" என்கிறான். இந்தக் காலத்துப் பையன்கள் வாரக் கணக்குதான் வைக்கிறார்கள். மொபைலில் ஏதோ ஒன்று இருக்கிறதாம், இந்த வாரம் குழந்தை திராட்சை சைஸ் என்று சொல்கிறதாம். "போன வாரம் ராஸ்பெர்ரி ஸார். அந்தப் பழத்தை நான் பாத்ததே இல்ல. அரிநெல்லின்னு வெச்சுக்கிட்டேன்."

இதுவரை எல்லாம் சந்தோஷம்தான். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தம்பி குடை எடுக்கப் பையைத் துழாவினான். குடையோடு சேர்ந்து ஒரு மாத்திரை அட்டை கீழே விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன். பத்து மாத்திரை அட்டை. ஒன்றுதான் காலி.

"யாருக்கு உடம்பு?"

"அவளுக்குத்தான் ஸார். வாந்திக்கு டாக்டர் எழுதினாங்க. நான்தான் வேணாம்னு எடுத்து வெச்சுட்டேன். வீட்ல இருந்தா எடுத்துப் போட்டுக்குவா."

கவனியுங்கள். அவள் சாப்பிட வேண்டிய மருந்து. அது அவளுக்குத் தெரியாமல் தினமும் காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, எங்கள் ஆபீஸில் எட்டு மணி நேரம் டியூட்டி பார்த்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்டர்நெட்ல பாத்தேன் ஸார். அமெரிக்காவுல இதைத் தூக்கத்துக்கு விக்கறாங்களாம். எங்க பெரியப்பா வேற வாட்ஸ்அப்புல ஒரு போட்டோ அனுப்பினாரு, கை கால் வளராத குழந்தைங்க. மசக்கைக்கு மாத்திரை சாப்பிட்டதால வந்ததுன்னு."

"தண்ணியாவது நிக்குதா?"

"அதுவும் வெளில வந்துடுது ஸார். ஐம்பத்து நாலு கிலோ இருந்தா, இப்ப ஐம்பதுதான். அம்மா, எங்க காலத்துல நாங்க மாத்திரையா தின்னோம், எல்லாம் மனசுதான் காரணம்னு சொல்றாங்க."

நான் குடையை விரித்து அவனை எதிர் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். காரணம், 1994.

1994-ல் நானும் புதுமாப்பிள்ளை. மாம்பலத்தில் ஒரு போர்ஷன். பொதுக் கிணறு, பொது பாத்ரூம், அதற்கு ஒரு க்யூ. என் மனைவி காலையில் அந்த க்யூவில் நிற்க முடியாமல் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்துப் போர்ஷனில் காபிக் கொட்டை வறுத்தால் இவள் இங்கே சுருண்டு விழுவாள். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். ஏறக்குறைய இந்தத் தம்பியின் பையில் இருந்த அதே மாத்திரை.

நான் படித்தவன் அல்லவா? எப்போதோ ஒரு பத்திரிகையில் தாலிடோமைட் பற்றிப் பாதிக் கட்டுரை படித்திருந்தேன். (மீதிப் பாதியில் வேர்க்கடலை மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.) அந்தப் பாதிப் படிப்பின் பலத்தில் மாத்திரையைப் பிடுங்கி, பீரோவில் எல்.ஐ.ஸி. பத்திரங்களுக்கு அடியில் வைத்தேன். "டாக்டர் குடுத்ததுதானே?" என்று அவள் ஒருதடவைதான் கேட்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்றேன். அவள் பேசாமல் இருந்தாள். பேசத் தெம்பில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். நெற்றியில் காயம். ஆட்டோ, ஆஸ்பத்திரி, மூன்று பாட்டில் குளுகோஸ். டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார். காய்ந்த இலை மாதிரி இருந்தது. "மாத்திரை எழுதிக் குடுத்தேனே? யார் நிறுத்தினது?" என்று கேட்டார்.

நான் சுவரில் இருந்த போலியோ சொட்டு மருந்து போஸ்டரை ரொம்பச் சிரத்தையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் டாக்டர். மறந்துட்டேன்" என்றாள் என் மனைவி.

அதை நான் அன்றைக்கும் திருத்தவில்லை, அப்புறமும் திருத்தவில்லை. நல்லவேளை, பெண் நன்றாகப் பிறந்தாள். இப்போது என்னை அதட்டுகிற வயசு. அந்தக் கட்டுரையின் மீதிப் பாதியை மட்டும் பிற்பாடு தேடித் தேடிப் படித்தேன். டீ ஆறுவதற்குள் தம்பிக்குச் சொன்னது அதைத்தான்.

பெரியப்பா அனுப்பிய போட்டோ பொய் அல்ல. தாலிடோமைட் 1957-ல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கு, படபடப்புக்கு என்று டாக்டர் சீட்டே இல்லாமல் கடையில் கொடுத்தார்கள். மசக்கைக்கும் கேட்கிறது என்று பல நாடுகளில் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். ஒன்றும் செய்யாது என்று விளம்பரம் சொன்னது. ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு என்ன ஆகும் என்று சரியாகப் பரிசோதித்தே பார்க்கவில்லை. 1961 கடைசியில் ஜெர்மனியில் நிறுத்துவதற்குள் உலகம் முழுவதும் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பாதிப்பு. குழந்தைக்குக் கை கால் உருவாகிற வாரங்களும் மசக்கை வாந்தி வருகிற வாரங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். அதனால் இந்த விஷயத்தில் பயப்படுகிறவனை நான் முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் அது கடைக்கு வரவில்லை. ஃப்ரான்ஸிஸ் கெல்ஸி என்று ஒரு பெண் அதிகாரி, மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற ஆபீஸில் 1960-ல் புதிதாகச் சேர்ந்தவர். கம்பெனிக்காரர்கள் திரும்பத் திரும்ப வந்து நச்சரித்தார்கள். அவரோ "ஆதாரம் போதாது, இன்னும் கொண்டு வாங்க" என்று ஃபைலைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1962-ல் ஜனாதிபதி கென்னடி அவருக்குப் பதக்கம் கொடுத்தார். ஃபைலைத் திருப்பி அனுப்பியதற்காகப் பதக்கம் வாங்கிய வேறு அரசாங்க ஊழியரை நான் கேள்விப்பட்டதில்லை. (எங்கள் செக்‌ஷனில் நாலு பேர் தகுதியோடு காத்திருக்கிறார்கள்.)

"அப்ப நான் செஞ்சது சரிதானே ஸார்?" என்றான் தம்பி.

அங்கேதான் கட்டுரையின் மீதிப் பாதி வருகிறது. உன் பையில் இருப்பது தாலிடோமைட் இல்லை தம்பி. இது வேறு ஜாதி. டாக்ஸிலமின், பைரிடாக்ஸின் என்று இரண்டு சரக்கு. இரண்டாவது, வெறும் பி-6 வைட்டமின். முதலாவது, அலர்ஜிக்குக் கொடுக்கிற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜலதோஷ மாத்திரை போட்டால் கண்ணைச் சொக்குகிறதே, அதே குணம். அதனால்தான் அமெரிக்காவில் தூக்கத்துக்கும் விற்கிறார்கள். நீ படித்ததில் தப்பில்லை, பாதியோடு நிறுத்தியதுதான் தப்பு.

இந்த இரண்டும் அடங்கிய மாத்திரை 1956-ல் பென்டெக்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் வந்தது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் டெபென்டாக்ஸ் என்று பெயர். கோடிக்கணக்கான பெண்கள் சாப்பிட்டார்கள். இத்தனை பேர் சாப்பிட்டால் என்ன ஆகும்? மருந்தே சாப்பிடாதவர்களுக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகள் ஏதாவது குறையோடு பிறப்பது உண்டு. அந்தத் தாய்மார்களிலும் பலர் இந்த மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார்கள் இல்லையா? "இதனால்தான்" என்று வழக்குகள் குவிந்தன. 1983-ல் கம்பெனி, வக்கீல் செலவும் இன்ஷூரன்ஸும் கட்டுப்படியாகவில்லை என்று தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

மருந்து போயாச்சு. குறையோடு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்ததா? குறையவில்லை. வாந்தி முற்றி ஆஸ்பத்திரியில் படுத்த கர்ப்பிணிகள்தான் அதிகமானார்கள். ஆராய்ச்சி மேல் ஆராய்ச்சியாகப் பார்த்தும் மருந்தின் மேல் பழி நிற்கவில்லை. பக்கத்து நாடான கனடாவில் இதே கூட்டைப் பெண்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 2013-ல்தான், முப்பது வருஷம் கழித்து, வேறு பெயரில் கர்ப்பிணிகளுக்கென்றே அனுமதி கொடுத்தார்கள். அந்த முப்பது வருஷமும் அங்கே எத்தனை புருஷன்மார்கள் என்னைப் போல நல்ல எண்ணத்தோடு பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்களோ!

இதில் ஒரு உபகதை உண்டு. வில்லியம் மெக்பிரைட், ஆஸ்திரேலியா டாக்டர். தாலிடோமைட் பற்றி 1961-ல் 'லான்ஸெட்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உலகத்தை எச்சரித்தவர்களில் ஒருவர். ஹீரோ. பட்டம், பரிசு, புகழ் எல்லாம் வந்தது. ஒருதடவை புலியைச் சரியாகக் காட்டிக்கொடுத்தவருக்கு, அப்புறம் பார்க்கிற பூனை எல்லாம் புலியாகத் தெரிந்தது. டெபென்டாக்ஸும் அப்படித்தான் என்று கோர்ட்டில் போய்ச் சாட்சி சொன்னார். அந்த வகை மருந்து ஒன்றை முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்ததாக 1982-ல் ஒரு கட்டுரையும் போட்டார். கூட வேலை பார்த்த சின்னவர்களே "ஐயா, எண்ணிக்கை இது இல்லையே" என்றார்கள். கணக்கை மாற்றியிருந்தார். 1987-ல் ஒரு ரேடியோ நிருபர் அதை வெளியே கொண்டுவந்தார். 1993-ல் அவருடைய டாக்டர் பதிவையே ரத்து செய்தார்கள். (1998-ல் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) எனக்கு அந்த மனுஷர் மேல் கோபம் வருவதில்லை. பயம்தான் வருகிறது. ஒருதடவை ஜெயித்த சந்தேகம் எவ்வளவு பெரிய ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது. நான் பாதிக் கட்டுரை கேஸ். எம்மாத்திரம்?

"அப்ப அம்மா சொல்ற மாதிரி மனசு காரணம் இல்லையா?" என்றான் தம்பி. இரண்டாவது டீ வந்திருந்தது. இரண்டு ரயில் போயிருந்தது.

அதற்கும் 2023 டிசம்பரில் பதில் வந்துவிட்டது. ஜி.டி.எஃப்.15 என்று ஒரு ஹார்மோன். கர்ப்பம் ஆனதும் நஞ்சுக்கொடிப் பக்கத்திலிருந்து ஏராளமாக வந்து தாயின் ரத்தத்தில் சேர்கிறது. மூளையில் குமட்டலைக் கிளப்பும் இடத்தைப் போய்த் தட்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்னால் யார் உடம்பில் அது ரொம்பக் குறைவாக இருந்ததோ, அவர்களுக்குத்தான் அடி பலம். பழக்கமில்லாதவனுக்கு முதல் நாளே அரை பாட்டில் ஊற்றின மாதிரி. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான மார்லீனா ஃபெய்ஸோவுக்கே 1999-ல் அந்த வாந்தி வந்து, அந்தக் கர்ப்பம் தங்கவில்லை. அவரிடம் போய் "எல்லாம் மனசு" என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். உங்க அம்மாவுக்கு அவ்வளவாக வாந்தி வரவில்லை என்றால் அது உங்க அம்மாவின் அதிர்ஷ்டம். மருமகளின் குற்றமல்ல.

மெடிக்கல் ஷாப்காரரிடம் "வாந்திக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா வாந்தி மாத்திரையும் ஒன்றில்லை. கான்ஸர் சிகிச்சையில் வருகிற வாந்திக்கென்று வந்த ஆன்டான்ஸெட்ரான் என்று ஒன்று ரொம்பப் பிரபலம். அதை முதல் மூன்று மாதத்தில் கொடுக்க வேண்டாம் என்று 2019-ல் ஐரோப்பாவில் எச்சரித்தார்கள். பத்தாயிரம் பிரசவத்துக்கு மூன்று குழந்தைகள் கூடுதலாக உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவோடு பிறக்கலாம் என்று கணக்கு. அப்படியும் வேறு எதுவும் கேட்காத கேஸில் டாக்டர்கள் யோசித்து அதை எழுதுவது உண்டு. வயிற்றில் ஒன்றும் நிற்காமல் தாய் காய்ந்துபோவது குழந்தைக்கு அதைவிட ஆபத்து என்ற கணக்கு அது. அந்தக் கணக்கைப் போட ஒருத்தர் ஏழெட்டு வருஷம் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நீயும் நானும் பெரியப்பாவும் போடுகிற கணக்கு அல்ல.

"இப்பவே போன் பண்ணு" என்றேன்.

டீக்கடை சத்தத்தில் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான். டாக்டரம்மா மூன்றே கேள்விதான் கேட்டார். தண்ணி நிக்குதா? யூரின் கடைசியா எப்ப போனாங்க, என்ன கலர்? எழுந்து நின்னா தலை சுத்துதா? தம்பிக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியவில்லை. குழந்தை என்ன பழம் சைஸ் என்பது தெரிந்திருந்தது. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டான். காலையிலிருந்து போகவே இல்லையாம்.

"ராத்திரியே அழைச்சுட்டு வந்துடுங்க. டிரிப்ஸ் போடணும்" என்றார் டாக்டரம்மா. "அந்த மாத்திரை குடுத்தீங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். டீக்கடையில் போலியோ போஸ்டர் எதுவும் இல்லை.

"இல்ல டாக்டர். ஒருநாள்தான் போட்டுக்கிட்டா. நான்தான் பயந்துபோய் எடுத்து வெச்சுட்டேன்" என்றான்.

பயல் என்னைவிடத் தேவலை. முப்பது வருஷத்தில் நான் சொல்லாததை முப்பது செகண்டில் சொல்லிவிட்டான். டாக்டரம்மா ஒரு நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்புறம் சாதாரணக் குரலில் சொன்னார்: "பயமா இருந்தா என்கிட்ட கேட்டிருக்கலாமே? அதுக்குத்தானே நம்பர் குடுத்திருக்கேன்."

ஒருநாள் மட்டும் போட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்றுதான் முதலில் இவனுக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. விசாரித்தால், அந்த ஒன்றையும் காலையில் வாந்தி எடுத்த பிறகு, தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருக்கிறான். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. மேல் பூச்சு போட்டு மெதுவாகக் கரைகிற மாதிரி செய்த மாத்திரை அது. ராத்திரி படுக்கும்போது முழுசாக விழுங்கினால் விடிகாலையில் வேலை செய்யும். கரைக்கக் கூடாது, கடிக்கக் கூடாது. வாந்தி வரும்போது மட்டும் போடுவதல்ல, எழுதிக் கொடுத்தபடி தினமும் போட வேண்டும். கண்ணைச் சொக்கும், அதனால் அவள் ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான்.

அன்று ராத்திரி அட்மிட் செய்து, மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாள் தம்பி லீவு. மானேஜர் ஏதோ கேட்க வந்தார். பாக்ஸிலிருந்து ஒரு ஸ்பூன் எலுமிச்சை சாதம் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் முழுக் கதையும் சொன்னேன். தம்பி டாக்டரிடம் உண்மையைச் சொன்ன இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அன்னிக்கு நீ ஏன் 'நான்தான் மறந்துட்டேன்'னு சொன்னே?"

என்னைக் காப்பாற்றத்தான், புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். முப்பது வருஷமாக அப்படித்தான் நினைத்து, அதில் கொஞ்சம் பெருமையும் வைத்திருந்தேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்க பேரைச் சொன்னா அந்தம்மா உங்களை அரை மணி நேரம் திட்டும். நீங்க பதில் சொல்லுவீங்க. எனக்கு அதுவரைக்கும் உக்கார முடியாது. ஊசியைப் போட்டா படுக்கலாம்னு இருந்தது. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எல்.ஐ.ஸி. பத்திரம் மெச்சூர் ஆனப்போ அதுக்கடியில மாத்திரையைப் பாத்தேன்" என்றாள்.

தம்பி இப்போது ஒழுங்காக வருகிறான். வாந்தி முழுசாக நிற்கவில்லை, ஆனால் தண்ணீரும் இட்லியும் நிற்கிறது. எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. முக்கால்வாசிப் பேருக்குப் பதினாறு, இருபது வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னாராம். டிபன் பாக்ஸில் இன்னும் அதே வெள்ளைத் தயிர்சாதம்தான். நான் வீட்டிலிருந்து கடுகு, கறிவேப்பிலை தாளித்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோய் அதன் மேல் கொட்டிக் கொடுக்கிறேன்.